கான்பூர்க் களத்து நாற்பத்திரண்டு விமானங்கள்

யுத்த விமானங்களின் பிற்காலம்: வரலாற்றுத் தொடர் – 8

அமெரிக்காவின் அரிஸோனாப் பாலைவனத்தில், கிங்மன் என்னும் ஊருக்கு அருகே, யுத்தத்தை முடித்துத் திரும்பிய ஆயிரக்கணக்கான குண்டுவீச்சு விமானங்கள் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டு, துண்டாடப்பட்டு, உலையிலிட்டு உருக்கப்பட்டு, அலுமினியப் பாளங்களாகிப் போன வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். உலகத்தில் வேறெந்தக் குண்டுவீச்சு விமானத்தையும் விட அதிக எண்ணிக்கையில், 18,000-க்கும் மேலாகக் கட்டப்பட்ட லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் விமானம், அத்தகைய உலைகளில் ஏறக்குறைய வேரோடு அழிந்துபோயிற்று என்பதையும் அங்கே கண்டோம்.

உருக்கும் வேலை அத்தனை முழுமையாக நடந்தும், இன்று லண்டனிலும், கனடாவின் தலைநகரான ஒட்டாவாவிலும், அதே அரிஸோனா மாகாணத்து டூசான் நகரிலும் லிபரேட்டர் விமானங்கள் காட்சிசாலைகளில் நிற்கின்றன. அவற்றின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால், மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. கங்கைக் கரையிலுள்ள கான்பூர் நகரத்துச் சக்கேரி விமானதளமே அந்த இடம்.

அங்கே யுத்தம் முடிந்தபின் வேண்டுமென்றே அடித்து நொறுக்கிப் போடப்பட்ட விமானங்கள், 1948-ஆம் ஆண்டில் எழுந்து பறந்த வரலாறுதான் இந்த வாரத்துக் கதை.

* * *

லிபரேட்டரைப் பார்த்தவர்கள் அதை அழகான விமானம் என்று சொன்னதில்லை. பெட்டி போன்ற ஆழமான உடல். அதன் தோளில் 110 அடி நீளத்துக்கு விரிந்த, மிகக் குறுகலான இறக்கை. வால்புறத்தில் இரண்டு பெரிய நீள்வட்டத் தகடுகள். தரையில் நிற்கும்போது வயிறு மண்ணைத் தொட்டுவிடுமோ என்று எண்ணத் தோன்றும் தாழ்ந்த நிலை. ஆயினும், டேவிஸ் என்பவர் வகுத்த அந்தக் குறுகலான இறக்கையிலேதான் அதன் விசேஷ சக்தி முழுவதும் அடங்கியிருந்தது. காற்றின் எதிர்ப்பைக் குறைத்து, அதே எரிபொருளில் அதிக தூரம் போக அது வழிசெய்தது.

கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் 1939 டிசம்பர் மாதம் முதன்முதலாகப் பறந்த இவ்விமானத்தை, யுத்தம் முற்றியபின், மிச்சிகன் மாகாணத்து வில்லோ ரன் என்னுமிடத்தில் ஃபோர்டு கம்பெனியார் மோட்டார் கார் செய்யும் முறையிலேயே செய்யத் தொடங்கி, உச்ச நிலையில் மணிக்கு ஒரு விமானம் வீதம் வெளியே தள்ளினார்கள். அத்தனை ஏராளமாகக் கிடைத்த காரணத்தாலும், அத்தனை தூரம் பறக்க வல்லது என்ற காரணத்தாலும், பெருங்கடல்களின்மேல் காவல் புரிகிற வேலை எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் லிபரேட்டர் அனுப்பப்பட்டது.

நமது கடல்களுக்கும் அது வந்தது. 1944-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ராயல் விமானப்படையின் 200-ஆவது ஸ்குவாட்ரன் சென்னைப் பரங்கிமலையில் தங்கி, லிபரேட்டர் விமானங்களில் வங்கக் கடலைக் காவல் காத்தது. இலங்கையில் 160-ஆவது ஸ்குவாட்ரன் சீகிரியாவிலிருந்தும், பிறகு யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைத் தளத்திலிருந்தும் பறந்தது. இன்று பலாலி விமான நிலையம் இருப்பது அதே தளத்தில்தான். 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலங்கையிலிருந்து கிளம்பி, ஜப்பானியர் வசமிருந்த சிங்கப்பூர்த் துறைமுகம் வரை சென்று கடற்கண்ணிகளை இட்டுவிட்டு, இடையில் எங்கும் இறங்காமல் திரும்பி வந்த விமானங்களும் இந்த லிபரேட்டர்களே. பரங்கிமலைக்கும் காங்கேசன்துறைக்கும் அக்கம்பக்கத்தில் அக்காலத்தில் வாழ்ந்தவர்கள், விடியுமுன் தலைக்குமேல் நான்கு எஞ்சின்கள் இரைந்துகொண்டு கடலை நோக்கிப் போகும் சத்தத்தைக் கேட்டே இருப்பார்கள்.

1945 ஆகஸ்டு மாதத்தில் ஜப்பான் சரணடைந்தது. அந்தச் சத்தமும் அநேகமாக ஓய்ந்தது.

* * *

இங்கே ஒரு சட்டத்தின் தன்மையைச் சற்று நிதானமாகத் தெரிந்துகொள்வது அவசியம். பின்னால் நடந்த அத்தனை விந்தைகளுக்கும் அதுவே மூலகாரணம்.

பிரிட்டிஷார் பறக்கவிட்ட லிபரேட்டர்கள் பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தமானவை அல்ல. 1941 மார்ச்சில் அமெரிக்கா இயற்றிய கடன் குத்தகைச் சட்டத்தின்படி, நேச நாடுகளுக்கு யுத்தம் நடத்துவதற்காக இரவல் தந்த பொருள்கள் அவை. யுத்தம் முடிந்ததும் ஒன்று அவற்றைத் திருப்பித் தரவேண்டும், அல்லது விலை கொடுத்து வாங்கிக்கொள்ளவேண்டும், அல்லது மறுபடியும் உபயோகப்படாதபடி அழித்துவிடவேண்டும் என்பது ஏற்பாடு. பிரிட்டனோ பெருங்கடனில் மூழ்கியிருந்தது, வாங்க வழியில்லை. அமெரிக்காவோ தன் நாட்டிலேயே ஆயிரக்கணக்கில் உருக்கிக்கொண்டிருந்தது. திரும்பப் பெற விருப்பமில்லை. எஞ்சிய வழி மூன்றாவது ஒன்றுதான்.

ஆசியாவிலிருந்த லிபரேட்டர்கள், ராயல் விமானப்படையின் 322-ஆவது பராமரிப்புப் பிரிவு இருந்த கான்பூருக்குக் கொண்டுவந்து சேர்க்கப்பட்டன. அவற்றுள் சில மிகப் புதியவை. டெக்ஸாஸ் மாகாணத்து ஃபோர்ட் வொர்த் தொழிற்சாலையிலிருந்து 1944-ஆம் ஆண்டில் வெளிவந்து, இரண்டு வருஷங்கூட முழுமையாக உழைக்காதவை. சொந்தச் சக்தியில் பறந்து வந்து, ஒழுங்காகத் தரையிறங்கி, வரிசையில் நின்ற அந்த விமானங்களைச் செயலற்றவையாக்கும்படி அங்கிருந்த சிப்பாய்களுக்கு உத்தரவாயிற்று.

உருக்குவதற்கு அங்கே உலை இல்லை. ஆகவே, கருவிப் பலகைகளை உடைத்தார்கள். உடல் தகட்டையும் இறக்கையையும் குத்திக் கிழித்தார்கள். எஞ்சின்களில் மணலைக் கொட்டினார்கள். கனமான வண்டிகளால் மோதினார்கள் என்றும் அக்காலத்துச் செய்திகள் கூறுகின்றன. ஒன்றுக்கு ஒருவிதம், மற்றொன்றுக்கு வேறுவிதம் என்று இந்தச் சேதம் ஒரே மாதிரியாக நடக்கவில்லை.

அது ஏன் ஒரே மாதிரியாக நடக்கவில்லை? எல்லா விமானங்களிலும் ஒரே முக்கிய உறுப்பைச் சிதைத்திருந்தால் ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றுக்குப் பொருத்த வழியே இருந்திராது என்பது எந்த மெக்கானிக்கும் அறிந்த விஷயம். விமானங்களைப் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பிரிவார், அழிக்கும்போது மட்டும் அந்த அறிவை மறந்தது எதனால்?

1946 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இதற்கு விடை ஒருவாறு கிடைக்கிறது. யுத்தம் முடிந்து மாதங்களாகியும் தங்களை ஊருக்கு அனுப்பவில்லை என்ற மனக்குமுறலில், கராச்சி டிரிக் ரோடு தளத்தில் ராயல் விமானப்படைச் சிப்பாய்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் தீ இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் பரவியது. அது மிகப் பலமாகப் பற்றிய தளங்களில் கான்பூர் ஒன்று. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலைக்குச் செல்ல மறுத்தார்கள். மனைவி மக்களைக் காணாமல் வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்து, எப்போது கப்பல் வரும் என்பதொன்றையே எண்ணியிருந்த மனிதர்களிடம், ‘இதை உடை’ என்று கொடுத்த வேலை முறையோடும் சிரத்தையோடும் நடந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய அந்த அவசரமும் அலட்சியமுமே பின்னால் வந்தவர்களுக்கு வழி திறந்துவிட்டன என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு கோடைகளும் இரண்டு மழைக்காலங்களும் கடந்தன. கான்பூர் வெயிலில் ரப்பர் வெடித்தது. மழையில் இரும்பு துருவேறியது. தேசம் சுதந்திரமடைந்தது, பிரிவினையும் வந்தது. லிபரேட்டர்கள் அங்கேயே கிடந்தன.

* * *

சுதந்திரம் கிடைத்த பத்து வாரங்களுக்குள் காஷ்மீரத்தில் யுத்தம் மூண்டது. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி காலையில் டக்கோட்டா விமானங்கள் ஸ்ரீநகரில் சிப்பாய்களை இறக்கின. அதன்பின் பதினான்கு மாதங்கள், மலைகளுக்கிடையே உணவையும் துப்பாக்கிகளையும் காயம்பட்டவர்களையும் சுமந்து, அந்த இரட்டை எஞ்சின் விமானங்கள் செய்த சேவை தனி நூலாக எழுதத் தக்கது. 1948 மே மாதத்தில் மெஹர் சிங் என்னும் வீரர், ஜெனரல் திம்மய்யாவை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, இமயத்தின் உச்சிகளைக் கடந்து லே என்னுமிடத்தில் மணல் தரையில் டக்கோட்டாவை இறக்கினார்.

ஆனால் அன்றைய ராயல் இந்திய விமானப்படையிடம் ஸ்பிட்ஃபயரும் டெம்பெஸ்ட்டும் இருந்தன, டக்கோட்டா இருந்தது. கனமான குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. இந்தக் குறை எவ்வளவு தூரம் போயிற்று என்றால், சாமான் ஏற்றும் டக்கோட்டாவிலேயே குண்டுகளை ஏற்றி, இரவு வேளையில் பூஞ்ச் பிரதேசத்தின்மேல் பறந்து, திறந்த கதவு வழியாக ஆட்கள் அவற்றைக் கையால் உருட்டித் தள்ள நேர்ந்தது. துணிவுக்கு அது உதாரணம் என்பதில் சந்தேகமில்லை. எனினும் துணிவை மட்டும் நம்பி ஒரு தேசத்தின் பாதுகாப்பை நடத்த முடியாது.

வெளிநாட்டில் வாங்கலாமென்றால் பணத்துக்கு எங்கே போவது? பணமிருந்தாலும், யுத்தத்திலிருந்த இரண்டு நாடுகளில் ஒன்றுக்குக் குண்டுவீச்சு விமானம் விற்க யார் எளிதில் முன்வருவார்கள்?

அந்த நிலைமையில்தான் கான்பூர்க் களம் ஞாபகத்துக்கு வந்தது.

* * *

கிடப்பவை எழுமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு பெங்களூரிலிருந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கேயிருந்து போனவர்கள் எவ்விதத் தகுதியுடன் போனார்கள் என்பதை அறிந்தாலன்றி, அவர்கள் சொன்ன பதிலின் கனம் நமக்கு விளங்காது.

சேத் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்துத் திவானாயிருந்த ஸர் மிர்ஸா இஸ்மாயிலின் ஆதரவோடு, 1940 டிசம்பரில் ஸ்தாபித்த தொழிற்சாலை அது. விமானம் செய்வதென்ற பெருங்கனவோடு தொடங்கியது. ஆனால் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியதும் இந்திய சர்க்காரின் நிர்வாகத்துக்குப் போய், 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவ விமானப்படையின் கைக்கு மாறியது. சீன-பர்மா முனையில் பறந்து களைத்த அமெரிக்க விமானங்களையெல்லாம் பிரித்து, சோதித்து, மறுபடியும் பூட்டும் பெரும்பட்டறையாக அது வேலை செய்தது. சுதேசத் தொழிலைத் தொடங்கியவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆயினும் அந்த மூன்று வருஷங்களில், கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் பேசிய பெங்களூர்த் தொழிலாளிகள், அமெரிக்க விமானங்களின் உட்புறத்தைக் கையால் தடவிக் கற்றுக்கொண்டார்கள். அங்கே பழுது பார்க்க வந்த விமான வகைகளில் லிபரேட்டரும் ஒன்று.

யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்கள் போய்விட்டார்கள். வேலை குறைந்தது. ரயில் பெட்டிகள் செய்தும், யுத்தத்தில் மிஞ்சிய டக்கோட்டாக்களைப் பிரயாணிகள் ஏறும் விமானங்களாக மாற்றியும் தொழிற்சாலை காலந்தள்ளியது. பார்வைக்கு இது இறக்கம். ஆனால் டக்கோட்டாவை ஓட்டுவதும் பிராட் அண்டு விட்னி கம்பெனியாரின் ட்வின் வாஸ்ப் எஞ்சின். லிபரேட்டரை ஓட்டுவதும் அதே ட்வின் வாஸ்ப் எஞ்சின். பதினான்கு சிலிண்டர்களை இரண்டு வளையங்களாக அடுக்கிய அந்த யந்திரம், ஒன்றில் இரண்டாகவும் மற்றொன்றில் நான்காகவும் பூட்டப்பட்டிருந்தது. லிபரேட்டரில் உயரே பறப்பதற்கான டர்போ அமைப்பு கூடுதலாக உண்டு. மற்றபடி ஒரே குடும்பம். டக்கோட்டா வேலை தொடர்ந்து நடந்ததால், அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் கைப்பழக்கம் பெங்களூரில் ஒருநாளும் விட்டுப்போகவில்லை.

இத்தகையவர்கள் கான்பூர்க் களத்தில் நின்று, கிழிந்த தகடுகளையும் மணல் நிறைந்த எஞ்சின்களையும் உடைந்த கருவிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வேறு யார் பார்த்திருந்தாலும் பழைய இரும்பு என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

முடியும் என்று இவர்கள் எழுதினார்கள்.

* * *

முடியும் என்று சொல்வது ஒன்று. செய்து காட்டுவது மற்றொன்று. கான்பூரில் முழுப் பழுதுபார்ப்புக்கு வேண்டிய வசதிகள் இல்லை. 110 அடி இறக்கையைக் கழற்றி ரயிலில் ஏற்றுவதும் நடவாத காரியம். ஆகையால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அங்கேயே, ஒருமுறை பறக்கும் அளவுக்கு மட்டும் ஒவ்வொன்றையும் சரிசெய்து, சுமார் 1,500 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூருக்குப் பறக்கச் செய்துவிடவேண்டும். மற்ற வேலையெல்லாம் அங்கே.

ஓடாத இரண்டு கடிகாரங்களிலிருந்து ஓடும் கடிகாரம் ஒன்றை எடுக்கும் கடைத்தெருக் கடிகாரக்காரரைப் போல, ஒரு விமானத்தில் பிழைத்திருந்த எஞ்சினை மற்றொன்றுக்கும், ஒன்றின் சக்கரத்தை வேறொன்றுக்கும் மாற்றி மாட்டினார்கள். வெவ்வேறு விமானம் வெவ்வேறு இடத்தில் அடிபட்டிருந்ததன் பலன் இங்கேதான் தெரிந்தது. ஓட்டைகளின்மேல் தகடு வைத்து ரிவிட் அடித்தார்கள்.

லிபரேட்டரின் இறக்கைக்குள் இருந்த எரிபொருள் பைகள், துப்பாக்கிக் குண்டு துளைத்தால் தாமாகவே அடைத்துக்கொள்ளும்படி ரப்பரால் செய்யப்பட்டவை. வருஷக்கணக்கில் காய்ந்த ரப்பர் எங்கே கசியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பெட்ரோல் வாசனை உடலுக்குள் தேங்குவது இந்த விமானத்துக்குப் புதிதான காலத்திலேயே இருந்த வியாதி. இங்கேயோ ஒரு சிறு மின்பொறி முழு விமானத்துக்கும் முடிவாகிவிடக்கூடும்.

ஒவ்வொரு எஞ்சினையும் கிளப்புமுன், பல நாள் நின்றதால் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்குமாதலால், ஆட்கள் சேர்ந்து புரொப்பெல்லர்களைக் கையால் சுற்றிவிடவேண்டும். அதைச் செய்யாமல் கிளப்பினால், அழுந்தாத எண்ணெயில் பிஸ்டன் மோதி எஞ்சின் உள்ளுக்குள் முறியும்.

இனி, இந்த விமானத்தில் ஏறி உட்காரப் போவது யார்?

* * *

ஜம்ஷெட் முன்ஷி என்பவர் அந்தத் தொழிற்சாலையின் தலைமைச் சோதனை விமானி. இந்திய விமான வரலாற்றில் இப்பெயர் பெற்றிருக்கவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்பது என் உறுதியான எண்ணம். யுத்த வீரர்களின் சாகசத்துக்குப் பதக்கமும் சிலையும் உண்டு. சோதனை விமானியின் சாகசம், ஒன்றும் நேராமல் விமானம் இறங்கிவிட்டால், அன்று மாலையே மறக்கப்பட்டுவிடுகிறது.

லிபரேட்டர் எளிதில் வசப்படும் விமானமன்று. அதன் முன்சக்கரத்தை விமானியின் இருக்கையிலிருந்து திருப்ப முடியாது. அது தன்போக்கில் சுழலும். தரையில் திரும்பவேண்டுமானால் ஒருபக்கத்து எஞ்சினைக் கூட்டியும், மறுபக்கத்துப் பிரேக்கை அழுத்தியும் திருப்பவேண்டும். பிரேக்கே சந்தேகத்துக்கிடமான விமானத்தில் அது எப்படியிருந்திருக்கும்! ஆகாயத்திலோ அதன் சுக்கான்கள் கனமானவை; நெடுந்தூரம் ஓட்டியவர்களின் தோள்கள் கடுத்துப்போகும். டேவிஸ் இறக்கை வேகத்தில் போகும்போது சிறந்த சேவகன். வேகம் குறைந்தாலோ இரக்கமில்லாதது. நான்கு எஞ்சின்களில் ஒரே பக்கத்து இரண்டு நின்றுவிட்டால் அதைத் தூக்கிப் பிடிப்பது பழகியவர்களுக்கே பெரும்பாடு.

இத்தகைய விமானம் ஒன்றில், எந்தக் கருவி உண்மை சொல்கிறது என்று நம்ப முடியாத நிலையில், மணலைக் கழுவி எடுத்த எஞ்சின்களை நம்பி, முன்ஷி ஓடுபாதையின் முனைக்கு வந்தார்.

இந்தத் தருணத்தில் சற்று நிற்போம். நான்கு எஞ்சின்களும் 1,200 குதிரைச் சக்தி வீதம் முழு வலிமைக்கு ஏறும்போது, சோதனை விமானி கேட்பது சத்தத்தையல்ல. அச்சத்தத்தின் ஒழுங்கையே அவர் கவனிக்கிறார். ஒன்று தயங்கினால் உடனே நிறுத்திவிடவேண்டும். ஓட்டம் பாதிக்குமேல் போய்விட்டால் நிறுத்தவும் முடியாது. அந்த இரண்டுக்கும் இடையில், எண்ணிச் சில வினாடிகளே உண்டு. அந்த வினாடிகளில் தீர்மானம் அவர் ஒருவருடையது. தொழிற்சாலையோ சர்க்காரோ விமானப்படையோ அங்கே உதவிக்கு வர முடியாது.

சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன.

கீழே ஃபிட்டர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றால், அவர்கள் பார்த்தது ஒரு விமானத்தை மட்டுமல்ல; தாங்கள் அடித்த ஒவ்வொரு ரிவிட்டையும் பார்த்திருப்பார்கள். விமானம் கங்கைச் சமவெளியை விட்டு, விந்திய மலையைத் தாண்டி, நர்மதையையும் கோதாவரியையும் கிருஷ்ணையையும் கடந்து, மைசூர்ப் பீடபூமியில் பெங்களூர் ஓடுபாதையில் வந்து இறங்கியது.

அதன்பின் முன்ஷி மறுபடியும் கான்பூருக்குப் போனார். மறுபடியும் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒருமுறை செய்தால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஒன்றன்பின் ஒன்றாக நாற்பத்திரண்டு லிபரேட்டர்கள் கான்பூரிலிருந்து மீட்கப்பட்டன என்னும்போது, அதற்குத் திறமை என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

* * *

பெங்களூரில் அவை அக்கக்காகப் பிரிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டன. அந்தப் பட்டறையின் விவரங்களை விரிக்கத் தொடங்கினால் இந்த வாரத்துப் பகுதி போதாது. முடிவை மட்டும் சொல்லுகிறேன்.

1948 நவம்பர் 2-ஆம் தேதி, விங் கமாண்டர் டான்ட்ரா என்பவரின் தலைமையில், இந்திய விமானப்படையின் 5-ஆவது ஸ்குவாட்ரன் லிபரேட்டர் விமானங்களுடன் உதயமாயிற்று; அந்த மாதத்திலேயே முதல் ஆறு விமானங்கள் அதனிடம் சேர்ந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் கன குண்டுவீச்சுப் பிரிவு அதுவே. அது தொடங்கப்பட்ட இடம் எது தெரியுமா? கான்பூர்! எந்தக் களத்தில் அவ்விமானங்கள் நொறுக்கப்பட்டனவோ அதே களத்தில், சுதந்திர இந்தியாவின் அடையாளம் பூண்டு, சொந்தச் சக்தியில் அவை வந்து இறங்கின.

காஷ்மீரத்தில் சண்டை அடுத்த ஜனவரி முதல் நாளோடு நின்றுவிட்டதால், லிபரேட்டர்கள் அந்த யுத்தத்துக்குப் பயன்பட நேரவில்லை. ஆயினும் அவற்றின் ஆயுள் நீண்டது. 5-ஆவது ஸ்குவாட்ரன் 1957-ஆம் ஆண்டில் ஜெட் எஞ்சின் கொண்ட கான்பெர்ரா விமானங்களுக்கு மாறியது. 1951-ல் தொடங்கப்பட்ட 6-ஆவது ஸ்குவாட்ரனோ, பூனாவைத் தன் இருப்பிடமாகக் கொண்டு, லிபரேட்டரை அதன் பழைய தொழிலான கடற்காவலுக்கே அனுப்பியது. யுத்தத்தில் பரங்கிமலையிலிருந்தும் காங்கேசன்துறையிலிருந்தும் அந்நியருக்காகக் காக்கப்பட்ட அதே கடல்களை, அதே வகை விமானங்களில், இப்போது இந்திய விமானிகள் தங்கள் தேசத்துக்காகக் காத்தார்கள்.

உலகத்தின் மற்றப் பகுதிகளில் லிபரேட்டர்கள் ஒவ்வொன்றாக மறைந்து, பிறகு இல்லாமலே போயின. 1960-களின் நடுவில், ஒரு விமானப்படையில் ஒழுங்கான சேவையில் லிபரேட்டர் பறப்பதைக் காணவேண்டுமென்று எவரேனும் விரும்பினால், அவர் இந்தியாவுக்குத்தான் வரவேண்டியிருந்தது. அமெரிக்கா தான் ஜயித்த யுத்தத்தின் சின்னங்களைத் தேவையற்றவையென்று உருக்கியது. இங்கே அவை எவருக்கும் சின்னமாக இருக்கவில்லை. நாளைக் காலை பறக்கவேண்டிய விமானமாக இருந்தன. தினந்தோறும் எண்ணெயிட்டும், உறுப்புக்களை மாற்றியும், சோதித்தும் அவற்றைக் காத்தவர்கள், பிற்காலத்துக்காக ஒரு பொக்கிஷத்தைக் காக்கிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. பழம்பொருளைப் போற்றும் பக்தி உலகமெங்கும் பிறப்பதற்கு முன்பே, அவசியம் என்னும் ஒன்று இந்த விமானங்களைக் காப்பாற்றிவிட்டது.

ஆனால் அவசியமும் ஒருநாள் தீரத்தானே வேண்டும்?

* * *

6-ஆவது ஸ்குவாட்ரனுக்கு ஏர் இந்தியாவிடமிருந்து சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள் வந்து சேர்ந்தன. லிபரேட்டர்கள் சேவையிலிருந்து விலக வேண்டிய ஆண்டாக 1968 குறிக்கப்பட்டது.

இருபது வருஷங்களுக்கு முன் இருந்த கேள்வியே மறுபடியும் முன்னால் வந்து நின்றது. இம்முறை கடன் குத்தகைச் சட்டம் இல்லை. அழித்துவிடும்படி வற்புறுத்த வெளிநாட்டார் யாரும் இல்லை. இருந்தாலும், உபயோகமற்றுப்போன ராணுவச் சாமான்களை நிறை போட்டு ஏலம் விடுவது எந்த இலாகாவிலும் உள்ள சாதாரண வழக்கம். அலுமினியத்துக்கு எப்போதும் விலை உண்டு.

இதற்கிடையில், உலகத்தின் மறுகோடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. யுத்தத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தின்மேல் லிபரேட்டரில் காவல் புரிந்த தேசம் கனடா. அத்தேசத்தார் தங்கள் விமானக் காட்சிசாலைக்கு ஒரு லிபரேட்டர் தேடினார்கள்; தங்கள் நாட்டில் கிடைக்கவில்லை. அவர்களிடம் லைசாண்டர் என்னும் பழைய விமானம் இருந்தது. 1942-ஆம் ஆண்டில் பர்மா முனையில் மஜும்தார் என்னும் வங்காளத்து வீரரின் தலைமையில் நமது முதலாவது ஸ்குவாட்ரன் போரிட்டது லைசாண்டரில்தான். நமது விமானப்படை பர்மா முனையில் போரிட்ட அந்த விமானத்தில் மாதிரிக்குக்கூட ஒன்று அப்போது நம்மிடம் இருக்கவில்லை.

ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. கான்பூர்க் களத்தில் மணல் கொட்டப்பட்ட எஞ்சின்களை உடைய ஒரு விமானம், இருபத்து நான்கு வயதில், பூமியைப் பாதி சுற்றி, பனி பெய்யும் கனடா வரை சொந்தச் சக்தியில் பறந்து போகவேண்டுமானால், அதை ஓட்டத் துணிந்து யார் வருவார்கள்? அது போய்ச் சேருமுன், பூனாவில் மிச்சமிருந்தவற்றின்மேல் ஏலக்காரர்களின் பார்வை விழாமல் தடுக்கப்போவது யார்?

(அடுத்த வாரம் தொடரும்)